பருவக்காற்று வகுத்த பாதை: பினாங்கிலிருந்து மீகாங் வரை ஒரு முதுகுப்பைப் பயணம்

தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றிவர விரும்பி என்னிடம் பாதை கேட்கும் தோழிகளிடம், எந்த ஊர்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்பாக, எந்த மாதத்தில் கிளம்புகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். அந்தப் பகுதியை இரண்டு பருவக்காற்றுகள் மாறி மாறி ஆளுகின்றன. மே முதல் அக்டோபர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, அந்தமான் கடலைப் பார்த்திருக்கும் தாய்லாந்தின் மேற்குக் கரையை, அதாவது புக்கெட், கிராபி, லிப்பே போன்ற இடங்களை நனைக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் மழையைக் கொட்டும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, நவம்பர் முதல் பிப்ரவரி வரை மலேசியாவின் கிழக்குக் கரையைக் கொந்தளிக்க வைக்கிறது. பெர்ஹெந்தியான் தீவுகளின் விடுதிகளில் பெரும்பாலானவை அந்த மாதங்களில் பூட்டிக் கிடக்கும். தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் சமூய் தீவுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழைக் காலம். வட தாய்லாந்திலும் லாவோஸிலுமோ, பிப்ரவரிப் பிற்பகுதி தொடங்கி ஏப்ரல் வரை வயல் தாள்களையும் காட்டுச் சருகுகளையும் எரிக்கும் புகை மலைகளையே மறைத்துவிடும். இவற்றை ஒரு தாளில் மாதவாரியாக எழுதிப் பார்த்தால், போகவேண்டிய இடங்களில் பாதியைக் காலமே தெரிவு செய்து கொடுத்துவிடும்.

நான் தை மாதத்தில் தனியாகக் கிளம்பினேன். அந்தக் காலத்தில் அந்தமான் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும், வடக்கு மலைகளில் குளிர் நிலவும், புகை இன்னும் தொடங்கியிருக்காது. ஆகவே மலேசியாவின் மேற்குக் கரையில் தொடங்கி, தீவுகள் வழியாகத் தாய்லாந்துக்குள் நுழைந்து, இரயிலில் வடக்கே ஏறி, மீகாங் ஆற்றின் வழியே லாவோஸுக்குள் இறங்குவது என்று முடிவு செய்தேன். இடையில் விமானமே இல்லாமல் நிலத்திலும் நீரிலுமாகப் போவது என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதி. அப்படிப் போகிறவருக்கு நிலமும் மொழியும் சாப்பாடும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது கண்ணுக்குத் தெரியும். ஒரு படகு ஓடவில்லையென்றால் அடுத்த நாள் படகில் ஏறிக்கொள்ளும் சுதந்திரமும் இருக்கும். முன்கூட்டியே வாங்கிய ஐந்தாறு விமானச் சீட்டுகள் கையில் இருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

சுமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலிவு விமானங்கள் கைப்பையாக 7 கிலோவைத்தான் அனுமதிக்கின்றன. அந்த எல்லையைப் பயணம் முழுவதற்குமான எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. 40 லிட்டர் பைக்குமேல் எவருக்கும் தேவைப்படாது. சீக்கிரம் உலரும் மேற்சட்டைகள் மூன்று, கணுக்கால்வரை வரும் காற்சட்டை இரண்டு, மெல்லிய மழைச்சட்டை, மருந்துகள், ஒரு கைலி, ஒரு ஈரிழைத் துண்டு ஆகியவையே என் பையில் முக்கியமானவை. கைலி கடற்கரையில் விரிப்பாகவும், இரவு இரயிலில் போர்வையாகவும், பௌத்தக் கோயில்களில் முழங்காலை மறைக்கும் உடையாகவும், விடுதியில் பலர் தங்கும் அறையில் கட்டிலைச் சுற்றிக் கட்டும் திரையாகவும் பயன்பட்டது. கடைகளில் அதிக விலைக்கு விற்கும் பயணத் துண்டுகளைவிட நம் ஊர் ஈரிழைத் துண்டு விரைவாக உலர்கிறது. மலைக்குளிருக்கான கம்பளி உடையை வீட்டிலிருந்து சுமக்கவேண்டியதில்லை. வட தாய்லாந்தின் சியாங் மாய் சந்தைகளில் பழைய குளிர்ச்சட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. இறங்கும்போது விடுதியிலேயே அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு வரலாம்.

கோலாலம்பூரிலிருந்து இ.டி.எஸ். என்ற விரைவு மின்சார இரயிலில் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த். அங்கிருந்து படகில் கால்மணி நேரத்தில் பினாங்குத் தீவின் நகரமான ஜார்ஜ் டவுன். பாலத்தின் வழியாகப் பேருந்தும் உண்டு என்றாலும், பினாங்கை முதன்முதலாகக் கடலிலிருந்து பார்ப்பதே முறை. மலாக்காவுடன் சேர்த்து 2008-இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. லெபோ குயின் தெருவில் இருக்கும் மகாமாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. அதைச் சுற்றிலும் சீனர்களின் குலக்கோயில்கள், கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல், ஆங்கிலேயர் காலத்துத் தேவாலயம் எல்லாம் நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன. கோயில் வாசலில் பூ விற்ற அம்மா ஒருவர், என் பையைப் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா? தனியாவா வந்தே?" என்று விசாரித்தார். பதில் சொன்னதும், "தைப்பூசம் வருது, ரூம் கெடைக்காது, இப்பவே பாத்து வச்சுக்க" என்றார். எந்த வழிகாட்டி நூலையும்விட அவருடைய சொல் எனக்கு உதவியது. தைப்பூசத்துக்கு முதல்நாள் விடியற்காலையில் நகரத்திலிருந்து புறப்படும் இரதங்கள் தண்ணீர்மலையை நோக்கி நகரும்போது, வழி நெடுகச் சீனர்களும் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் தேங்காய் உடைப்பார்கள். மறுநாள் காவடிகளோடு பக்தர்கள் ஏறும் மலைக்கோயிலுக்கு 513 படிகள். அந்த நாட்களில் நகரத்தின் பெரும்பகுதியில் பேருந்துகள் வழிமாறி ஓடும். நடந்துபோகும் தூரத்தில் அறை பிடித்திருந்ததால் நான் எதையும் தவறவிடவில்லை.

பினாங்கைவிட்டுக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் நேராக லங்காவிக்குப் போய்விடுகிறார்கள். தமிழ் வாசகர்கள் அப்படிச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் வரை ஓடும் உள்ளூர் கொம்யூட்டர் இரயிலில் ஏறி சுங்கை பட்டாணியில் இறங்கி, வாடகைக் காரில் மெர்போக்குக்குப் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு வந்துவிடும். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரம் அது. வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பலோட்டிகளுக்குத் தொலைவிலேயே கரையைக் காட்டிய மலை இதுதான். தமிழ்க் கரையிலிருந்து ஒரு பருவக்காற்றில் கிழக்கே வந்து, சரக்கை மாற்றி, காற்று திரும்பும்வரை காத்திருந்து, அடுத்த பருவக்காற்றில் வீடு திரும்பிய வணிகர்களின் துறை இது. நம் பழைய எழுத்துகளில் கடாரம் என்று வரும் கெடா இதுவே. இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025-இல் வந்து தாக்கியதும் இந்தக் கரையைத்தான். அங்கிருக்கும் அருங்காட்சியகத்தின் பின்புறம் சிற்றோடையை ஒட்டி மேலேறினால், புக்கிட் பத்து பகாட் என்ற இடத்தில் மீண்டும் எடுத்துக் கட்டப்பட்ட கோயிலின் கற்றளம் இருக்கிறது. மண்டபமும் கருவறையும் இருந்த அமைப்பு தெளிவாகத் தெரிகிறது. மண்டபத் தூண்களைத் தாங்கிய வட்டக் கற்கள் இன்னும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அங்கே நின்றபோது, மாதக்கணக்கைப் பார்த்துப் பாதை வகுப்பதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, இந்தக் கடலில் பயணம் செய்த எல்லோரும் அப்படித்தான் வகுத்தார்கள் என்பது மனத்தில் ஆழமாகப் பதிந்தது. அருங்காட்சியகத்தில் கூட்டமே இல்லை. திரும்பி வருவதற்கு அங்கே வாடகைக் கார் எளிதில் கிடைக்காது. வந்த காரையே காத்திருக்கச் சொல்லி, போகவரக் கட்டணம் பேசிக்கொள்வது நல்லது.

சுங்கை பட்டாணியிலிருந்து அதே இரயில் தடத்தில் அலோர் ஸ்டார் போய், குவாலா கெடா துறையில் படகேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் லங்காவி. சுங்கவரி இல்லாத தீவு என்பதால் கடைவீதி பெரிது. மச்சிஞ்சாங் மலையின் பழமையான பாறைகளும் கிலிம் சதுப்புக் காடும் பார்க்கத்தக்கவை. அவற்றுக்காகத்தான் 2007-இல் இது யுனெஸ்கோவின் புவிப்பூங்கா ஆனது. எனக்கு அது வழித்தங்கல் மட்டுமே.

லங்காவியிலிருந்து தாய்லாந்தின் லிப்பே தீவுக்கு வறண்ட பருவத்தில் மட்டும் படகு ஓடுகிறது. ஒன்றரை மணி நேரப் பயணம். இந்த எல்லை கடப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மலேசியாவை விட்டு வெளியேறும் முத்திரை லங்காவித் துறையிலேயே விழுந்துவிடும். படகில் ஏறியதும் பணியாளர் எல்லோருடைய கடவுச்சீட்டையும் வாங்கிக்கொள்வார். முதன்முறை பார்ப்பவருக்குக் கவலை தரும், ஆனால் அங்கே அதுவே வழக்கம். லிப்பேயில் பெரிய துறை இல்லை. கரைக்குச் சற்று முன்பே படகு நின்றுவிட, நீள்வால் படகுக்கு மாறி, முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கி நடந்து கரையேறவேண்டும். குடியேற்ற அலுவலகம் மணலிலேயே இருக்கிறது. கைப்பேசியையும் காகிதங்களையும் தண்ணீர் புகாத பையில் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் வருகைப் பதிவை இணையத்தில் முன்கூட்டியே நிரப்பவேண்டும். இரண்டுமே இலவசம், கட்டணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளங்கள் அல்ல. கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பவேண்டும். மலேசியா இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது, தாய்லாந்து ஒன்றரை மணி முந்தியது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு மலேசியா 2023 டிசம்பரிலிருந்தும் தாய்லாந்து 2023 நவம்பரிலிருந்தும் விசா விலக்கு அளித்தன. ஆனால் இந்த விதிகள் அரசுகளின் விருப்பப்படி மாறுபவை. விசா விலக்கில் நிலவழியாகவோ கடல்வழியாகவோ ஓராண்டில் எத்தனை முறை நுழையலாம் என்பதற்கும் தாய்லாந்தில் வரம்பு உண்டு. புறப்படும் வாரத்தில் தூதரகத் தளத்தைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது.

லிப்பே சிறிய தீவு, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தே போய்விடலாம். உராக் லவோய் என்ற கடல்சார் பூர்வகுடிகளின் தீவு அது. சுற்றுலா வளர வளர அவர்களுடைய நிலத்தைப் பற்றிய தகராறுகளும் வளர்ந்திருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு, கிழக்குக் கரையில் அவர்களே நடத்தும் எளிய அறைகளில் தங்குவதும், அவர்களுடைய படகுகளையே பவளத்திட்டுப் பார்க்க அமர்த்துவதும் நம்மால் செய்யக்கூடிய சரியான காரியங்கள். பவளத்தின்மேல் கால் வைக்காதீர்கள். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டையோடு நீந்துங்கள், அது தோலுக்கும் பவளத்துக்கும் நல்லது.

ஆனால் இந்தப் பயணத்தின் தீவுகளில் என் மனத்தைக் கொள்ளைகொண்டது லிப்பே அல்ல, கரைக்குத் திரும்பும் வழியில் இருக்கும் தருத்தாவ். 1974-இல் கடல்சார் தேசியப் பூங்காவான இந்தத் தீவை 1930களின் இறுதியில் தாய்லாந்து அரசு சிறைத்தீவாக வைத்திருந்தது. அரசியல் கைதிகளும் இங்கே அடைக்கப்பட்டார்கள். இரண்டாம் உலகப்போரின்போது கரையிலிருந்து உணவு வருவது நின்றுபோக, பட்டினியிலும் நோயிலும் கைதிகள் மடிந்தார்கள். எஞ்சியவர்களில் சிலரும் காவலர்களும் சேர்ந்து மலாக்கா நீரிணையில் கப்பல்களைக் கொள்ளையடித்தார்கள். அதை 1946-இல் ஆங்கிலேயக் கடற்படை வந்து ஒடுக்கியது. இன்று அங்கே தனியார் விடுதி ஒன்றுகூட இல்லை. பூங்காத் துறையின் எளிய குடில்களும் கூடாரத் திடலும்தான். வெளிநாட்டவருக்கு நுழைவுக்கட்டணம் 200 பாட். மின்சாரம் மாலையில் சில மணி நேரம் மட்டும். பண இயந்திரம் கிடையாது. மழைக்காலத்தில் தீவையே மூடிவிடுவார்கள். பூங்கா அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் டோ பூ குன்றின்மேல் ஏறிப் பார்த்தால் மேற்கே திறந்த கடல் முழுவதும் தெரியும். கையில் டார்ச் விளக்கும், இரண்டு நாளைக்குத் தேவையான ரொக்கமும், கொசுவிரட்டியும் இருந்தால் போதும். உணவை மூடி வைக்கவேண்டும். குரங்குகள் கூடாரத்தைத் திறக்கத் தெரிந்தவை. எங்கேயானாலும் குரங்கோ நாயோ கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பினால் நன்றாகக் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளவேண்டும். நான் கிளம்புவதற்கு முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டதற்குத் தீவுகளே காரணம், ஏனென்றால் அங்கிருந்து மருத்துவமனைக்குப் போகவும் படகுதான்.

பாக் பாரா துறையில் கரையேறி, சிற்றுந்தில் ஹாட் யாய் போய், மாலை இரயிலில் பாங்காக் புறப்பட்டேன். இரவு முழுதும் ஓடி, மறுநாள் காலையில் போய்ச் சேரும் தொலைவு அது. தாய்லாந்து இரயில்களின் படுக்கை வசதி பாராட்டத்தக்கது. மாலையில் எதிரெதிராக இருக்கும் இருக்கைகளைப் பணியாளரே வந்து படுக்கையாக மாற்றி, வெள்ளை விரிப்பு விரித்து, திரையும் தொங்கவிடுவார். கீழ்ப்படுக்கை அகலமானது, விலையும் சற்று அதிகம். மேற்படுக்கை குறுகலானது, குளிரூட்டியின் காற்று நேரே அடிக்கும். தனியாகப் போகும் பெண்கள், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று ஒதுக்கிய பெட்டி அந்த இரயிலில் உண்டா என்று சீட்டு வாங்கும்போதே கேட்கவேண்டும். விலை வேறுபாடு மிகக் குறைவு, கிடைக்கும் நிம்மதி பெரிது. தெற்கு, வடக்கு இரயில்கள் இப்போது 2023 ஜனவரியிலிருந்து குருங் தெப் அபிவட் என்ற புதிய பெருநிலையத்துக்குத்தான் வருகின்றன. பழைய ஹுவா லம்போங் நிலையத்தின் அருகில் அறை பிடித்தால் மெட்ரோவில் நகரத்தைக் கடக்கவேண்டியிருக்கும்.

பாங்காக்கில் நான் அதிகம் தங்கவில்லை. சிலோம் பகுதியில் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயிலில், தாய் மக்கள் நம் முறைப்படி தட்டேந்தி நிற்பதைப் பார்த்தேன். சாவ் பிரயா ஆற்றிலும் சென் செப் கால்வாயிலும் ஓடும் மக்கள் படகுகளில் பெரும்பாலான இடங்களுக்குப் போய்வந்தேன்; மாலை நேரச் சாலை நெரிசலில் படகே விரைவானது. பணத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டியது ஒன்று: தாய்லாந்தின் பண இயந்திரங்கள் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கின்றன. ஆகவே பல சிறு தொகைகளாக எடுக்காமல் ஒரு பெரிய தொகையாக எடுத்துப் பிரித்து வைத்துக்கொள்ளவேண்டும். இயந்திரம் "உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிடவா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் நமக்குப் பாதகமானது. இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் நாமே திறந்துவிடவேண்டும் என்பதையும் கிளம்பும் முன்பே செய்து, ஒன்றுக்கு இரண்டாக அட்டைகளை வெவ்வேறு இடங்களில் வைத்திருப்பது அவசியம்.

சைவ உணவுக்காரர்களின் கவலையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தாய் சமையலில் மீன்சாறும் இறால் விழுதும் கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்திருக்கும். காய்கறி மட்டும் என்று கேட்டால் அவற்றை நீக்கமாட்டார்கள். "ஜே" என்று கேளுங்கள். சீன பௌத்த வழக்கப்படி இறைச்சி, மீன், முட்டை, பூண்டு, வெங்காயம் எதுவும் சேராத உணவு அது. அந்தக் கடைகளில் மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து இருக்கும்; நம் கண்ணுக்கு 17 என்ற எண்ணைப்போலத் தெரியும் அந்த எழுத்தை அடையாளம் வைத்துக்கொண்டு சந்துக்குச் சந்து நான் சாப்பாடு கண்டுபிடித்தேன். குடிநீருக்குத் தெருவோரங்களில் இயந்திரங்கள் இருக்கின்றன, ஒரு பாட் போட்டால் ஏறத்தாழ ஒரு லிட்டர் கிடைக்கும்.

சியாங் மாய்க்கு 751 கிலோமீட்டர், இன்னோர் இரவு இரயில். தாய்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான தோய் இந்தானோன் (2,565 மீட்டர்) அங்கிருந்து ஒரு பகலில் போய்வரக்கூடியது. விடியற்காலையில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். சில நாட்களில் புல்லில் உறைபனியும் படியும். சிகரத்துக்குச் சாலையே இருப்பதால் அது பெருமைக்குரிய ஏற்றமன்று. அதற்குக் கீழே இருக்கும் கியூ மே பான் நடைபாதையே நான் பரிந்துரைப்பது. மழைக்காலத்தில் காட்டை ஓய்வாக விடுவதற்காக அதை மூடி, நவம்பரில் திறக்கிறார்கள். மோங் இனத்து வழிகாட்டியோடுதான் போகமுடியும். பாசி படிந்த காட்டுக்குள் நுழைந்து, திடீரென்று மலைமுகட்டின் புல்வெளிக்கு வெளியே வரும் அந்த வழியில், காலுக்குக் கீழே மேகம் நிறைந்து கிடந்தது. எனக்கு வழிகாட்டிய அக்கா ஒவ்வொரு மரத்தையும் தொட்டுத் தொட்டுப் பெயர் சொன்னார். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தவை இருபது சொற்கள்தான் இருக்கும், ஆனால் அந்த நடை முழுவதும் நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம்.

வட தாய்லாந்தில் இளைஞர்களைக் கவர்ந்திழுப்பது இருசக்கர வண்டி. சியாங் மாயிலிருந்து பாய் என்ற மலையூருக்குப் போகும் சாலையில் 762 வளைவுகள் இருப்பதாக அங்கே அச்சிட்ட சட்டைகளே விற்கிறார்கள். கட்டுப்போட்ட கையோடும் காலோடும் விடுதிகளில் உட்கார்ந்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்தேன். வண்டி வாடகைக்குத் தருபவர் உரிமம் கேட்கமாட்டார், ஆனால் விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கட்டாயம் கேட்கும். இருசக்கர வண்டிக்குச் செல்லுபடியாகும் இந்திய உரிமமும், அதன்மேல் வாங்கிய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் இல்லாதவருக்கு மருத்துவச் செலவில் ஒரு காசும் கிடைக்காது. வியட்நாமின் ஹா ஜியாங் மலைச்சுற்றுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்: இந்தியா வழங்கும் அனுமதி 1949-ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையைச் சேர்ந்தது, வியட்நாம் ஏற்பது 1968-ஆம் ஆண்டு உடன்படிக்கையை. ஆகவே அங்கே உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் அமர்ந்து போவதே முறையானது. நான் பாய்க்குச் சிற்றுந்தில், வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு, முன்னிருக்கையில் போனேன்.

சியாங் மாயிலிருந்து சியாங் கோங் வரை பேருந்து. 2013 டிசம்பரில் திறந்த நான்காவது தாய்–லாவோஸ் நட்புறவுப் பாலத்தைக் கடந்தால் லாவோஸின் ஹுவாய் சாய். பாலத்தில் நடந்து போக அனுமதி இல்லை, இணைப்புப் பேருந்தில்தான் போகவேண்டும். லாவோஸ் பக்கத்தில் வருகை விசா வாங்கினேன். மடிப்பும் கிழிசலும் இல்லாத அமெரிக்க டாலர் தாள்களும் புகைப்படங்களும் கையில் இருந்ததால் வேலை எளிதாக முடிந்தது. லுவாங் பிரபாங் செல்லும் மெதுபடகு முற்பகலில் கிளம்புவதால், முந்தைய மாலையே எல்லையைக் கடந்து ஹுவாய் சாயில் தங்கிவிடுவது நல்லது.

அந்தப் படகுப் பயணம் இரண்டு பகல். இரவில் பாக் பெங் என்ற சிற்றூரில் தங்கல். பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய இருக்கைகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். சீக்கிரமே போய் முன்பகுதியில் உட்காருங்கள், இயந்திரம் பின்னால் இருப்பதால் அங்கே பேச்சே கேட்காது. பெரிய பைகளைத் தரைப்பலகைக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். தண்ணீர், உணவு, குளிர்ச்சட்டை, மருந்து ஆகியவற்றைக் கைப்பையில் எடுத்துவைக்க மறக்கக்கூடாது, ஏனென்றால் காலை ஆற்றில் மூடுபனியும் குளிரும் கடுமையாக இருக்கும். வறண்ட பருவத்தில் ஆறு இறங்கி, கரும்பாறைகள் இருபுறமும் வெளியே நிற்க, படகோட்டி நீரோட்டத்தின் நிறத்தை வைத்தே வழி கண்டுபிடித்துக்கொண்டு போவதை மணிக்கணக்காகப் பார்க்கலாம். சாலை இல்லாத கிராமங்களின் முன்னே படகு மூக்கை மணலில் முட்டி நிற்கும். அரிசி மூட்டையோடும் கோழிக்கூடையோடும் ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். இரண்டு நாள் வீணாகிறது என்று எண்ணி விரைவுப்படகில் போக நினைப்பவர்கள் உண்டு. தலைக்கவசம் அணிந்து, பாறைகளுக்கு நடுவே பறக்கும் அந்தச் சிறுபடகுகளில் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. அவற்றில் ஏறவேண்டாம் என்றே அழுத்தமாகச் சொல்வேன். படகிலும் பேருந்திலும் பிக்குகள் வந்தால், பெண்கள் அவர்கள் பக்கத்தில் அமர்வதையும் நேராகக் கையில் பொருள் கொடுப்பதையும் தவிர்க்கவேண்டும். எவரும் கடிந்துகொள்ளமாட்டார்கள், ஆனால் அவர்களுடைய நெறிக்கு அது தடை.

1995-இலிருந்து உலக மரபுச் சின்னமாக இருக்கும் லுவாங் பிரபாங்கில், விடியற்காலையில் பிக்குகள் வரிசையாக வந்து சோறு ஏற்கும் வழக்கம் புகழ்பெற்றது. அது வழிபாடு. தெருவின் மறுபக்கத்தில் ஒதுங்கி நின்று, கேமராவின் பிளாஷ் ஒளி இல்லாமல், அமைதியாகப் பார்ப்பதே மரியாதை.

அங்கிருந்து வடக்கே சிற்றுந்தில் நான்கு மணி நேரம் போனால் நோங் கியாவ். 'நாம் ஊ' என்ற ஆற்றின் இருபுறமும் சுண்ணாம்புப் பாறை மலைகள் செங்குத்தாக எழும் ஊர். முன்பு லுவாங் பிரபாங்கிலிருந்தே படகில் வரலாம். ஆற்றில் அணைகள் எழுந்தபிறகு அந்த வழி அடைபட்டுப்போனது, மேலே முவாங் ங்கோய் வரை மட்டும் படகு ஓடுகிறது. பா தேங் மலைமுகட்டுக்கு இருட்டிலேயே ஏறத் தொடங்கினேன். ஒரு மணி நேரத்துக்குமேல் பிடித்த செங்குத்தான ஏற்றம். பாதையைவிட்டு விலகாதீர்கள், வெடிக்காத குண்டுகள் இருக்கலாம் என்ற எச்சரிக்கையை அங்கே சடங்காக எடுத்துக்கொள்ளக்கூடாது. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா இந்தச் சிறிய நாட்டின்மேல் இருபது இலட்சம் டன்னுக்கும் அதிகமான வெடிபொருளைக் கொட்டியது. 27 கோடிக்குமேல் கொத்துக்குண்டுச் சிறுகுண்டுகள் விழுந்தன. அவற்றில் முப்பது விழுக்காடு வரை வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கியதாக மதிப்பிடுகிறார்கள். ஊருக்கு வெளியே பா தோக் என்ற குகை இருக்கிறது. குண்டுவீச்சின்போது கிராமத்து மக்கள் அதற்குள் வாழ்ந்தார்கள். பகலில் வயலுக்குப் போனால் விமானம் வரும் என்பதால் இரவில் உழுதார்கள். இயற்கைக் கடனுக்காகக்கூடப் பாதையைவிட்டுப் புதருக்குள் போகாதீர்கள், மண்ணில் கிடக்கும் எந்த இரும்புத் துண்டையும் கையால் தொடாதீர்கள், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் புதுப்பாதை தேடாதீர்கள். மலையேற்றத்துக்கு ஒருவரை அமர்த்தினால் அவர் கையில் கிடைக்கும் கூலி அந்த ஊரிலேயே தங்குகிறது என்பதும் எனக்கு ஒரு காரணம்.

மாசி பிறந்ததும் மலைச்சரிவுகளில் எரிப்பு தொடங்கியது. மதியவேளையில் எதிர்மலை மங்கலாகத் தெரிந்தபோது, கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று தீர்மானித்தேன். 2021 டிசம்பரில் திறந்த லாவோஸ்–சீன இரயிலில் லுவாங் பிரபாங்கிலிருந்து தலைநகர் வியந்தியான் இரண்டு மணி நேரம்கூட இல்லை. சாலையில் ஒருநாள் பிடித்த தொலைவு அது. நிலையம் ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கிறது. சீட்டு வாங்கக் கடவுச்சீட்டு வேண்டும். பைகளைச் சோதித்து, கத்தி, கத்தரிக்கோல், அழுத்தக்குப்பியில் அடைத்த கொசுவிரட்டி ஆகியவற்றை எடுத்துவிடுவார்கள், ஆகவே பூசும் களிம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

வியந்தியானில் கோயில்களை வேகமாகப் பார்த்துவிட்டு, கோப் நிறுவனத்தின் பார்வையாளர் மையத்தில் ஒரு முற்பகலைச் செலவிட்டேன். வெடிக்காத குண்டுகளால் கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்புகள் கிடைக்க உதவும் நிறுவனம் அது. கூடத்தில், கிராமத்து மக்கள் மரத்தாலும் குண்டின் உலோகத்தாலும் தாங்களே செய்து அணிந்திருந்த பழைய கால்களை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நுழைவுக்கட்டணம் கிடையாது, நன்கொடைப் பெட்டி இருக்கிறது. லாவோஸில் மீந்த கிப் தாள்களை நாட்டுக்கு வெளியே மாற்றுவது கடினம், அவற்றை அங்கே போட்டுவிட்டு வரலாம். மாலையில் வியந்தியானிலிருந்தே பாங்காக் செல்லும் இரவு இரயில் 2024 ஜூலை முதல் ஓடுகிறது. எல்லையில் நோங் காய் நிலையத்தில் எல்லாப் பைகளோடும் இறங்கி முத்திரை வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறவேண்டும். காலையில் பாங்காக். சென்னை விமானத்துக்கு அன்றைக்கே சீட்டு வாங்காமல், ஒரு நாள் இடைவெளி விட்டு வாங்குங்கள். எல்லையில் இரயில் தாமதமாகக் கிளம்பினாலும் பதற்றமில்லாமல் இருக்கலாம்.